ஒட்டவிடாத அக்கா

அவர் கும்பிட்டால் இரண்டு கைகளும் ஒட்டாது. நடுவில் ஒரு விரல் போய்வருகிற அளவுக்குச் சந்து இருக்கும். டாக்டரைக் கும்பிடும்போதும் அப்படித்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியாகக் கும்பிடும்போதும் அப்படித்தான். முதலில் அதை அசட்டை என்று நினைத்தேன். பிறகு அவருக்குக் கைவலியோ என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

ராஜபாளையத்தில் அப்போது ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரி இருந்தது. படியேறியதும் இடது கைப்பக்கம் டிரெஸ்ஸிங் ரூம். ஒரு சாய்வு நாற்காலி, உறிஞ்சு குழாய், சுவரில் ஒரு சின்னத் திரை, மூலையில் வாஷ் பேசின். அங்கேதான் அக்கா இருந்தார். நர்ஸ் படிப்பு படித்தவர் இல்லை, டாக்டர் கூட நின்று பழகியவர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டாக்டர்கூட "அக்கா, லைட்" என்பார்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். பல வருடமாக மூக்கடைப்பு. வாயால்தான் மூச்சு, வாயால்தான் தூக்கம். உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்றார்கள். மூக்கு வழியாகவே கேமராக் குழாயை விட்டுச் சதையை எடுத்து, சைனஸ் அறைகளின் வாசலை அகலப்படுத்தினார் டாக்டர். மறுநாள் மூக்குக்குள் அடைத்திருந்த துணியை உருவியபோது, மூளையின் நுனியையே பிடித்து இழுப்பதுபோல இருந்தது. கண்ணில் தண்ணீர் ஓட உட்கார்ந்திருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்த்தார்.

"ஆபரேசன் முடிஞ்சிருச்சின்னு நெனைக்கியா பிள்ள?"

தலையாட்டினேன்.

"பாதிதான் முடிஞ்சிருக்கு. டாக்டரு அவிய பாதியப் பண்ணிட்டாவ. மிச்சம் ஒன் கையில."

அப்புறம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"இந்தா, ரெண்டு கையிலயும் தோலு உரிஞ்சு போச்சுன்னு வையி. பச்சப் புண்ணு. அப்படியே ஒரு வாரம் கும்பிட்டுக்கிட்டே இருந்தா என்னாவும்?"

"ஒட்டிக்கிடும்."

"ஒட்டிக்கிட்டா?"

"பிரிக்க முடியாது."

"பிரிக்கலாம். அறுத்துத்தான் பிரிக்கணும். ஒம் மூக்குக்குள்ள இப்ப ரெண்டு சொவரும் பச்சப் புண்ணாப் பாத்துக்கிட்டு நிக்கிது. நடுவுல சளியும் ரத்தமும் காஞ்சு பொருக்கு கட்டும். அந்தப் பொருக்குதான் பாலம். அதப் பிடிச்சுக்கிட்டு இந்தச் சதை அங்க போகும், அந்தச் சதை இங்க வரும். ஒனக்கு வலிக்காது. ஒண்ணும் தெரியாது. மூணு மாசம் கழிச்சு மூச்சு அடைக்கும்போதுதான் தெரியும்." கும்பிட்ட கைகளை ஒரு விரல் அகலத்துக்குப் பிரித்தார். "இம்புட்டு வழி இருந்தாப் போதும். அதுக்குத்தான் கழுவுறது."

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அதில் ஒரு பொட்டலம் உப்புத்தூள், பிதுக்குகிற பிளாஸ்டிக் பாட்டில். பேசின்மேல் குனிந்து, வாயைத் திறந்து, ஒரு மூக்கில் பீய்ச்சினால் மறு மூக்கு வழியாக வரவேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை. வாரம் ஒரு முறை வந்து, டாக்டரிடம் பொருக்கை எடுத்துவிட்டுப் போகவேண்டும். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும்.

சிறு வயதிலிருந்து எனக்குச் சொல்லித்தந்ததெல்லாம் பொருக்கை உரிக்காதே, தானாக விழட்டும் என்பதுதான். இங்கே உரிக்கச் சொல்லி ஒருத்தர் தேதி எழுதித் தருகிறார்.

ஒட்டியிருப்பது எதுவானாலும் அக்காவின் கை அங்கே போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கீழே டீக்கடையில் ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன சில்வர் டம்ளர்களைக் கடைக்காரர் தூக்கி ஓரமாக வைத்திருப்பார். அக்கா வந்தால் உள் டம்ளரில் பச்சைத்தண்ணீரை ஊற்றி, வெளி டம்ளரைச் சுடுதண்ணீரில் வைத்து, ஒரு திருகு திருகுவார். டப்பென்று கழன்று வரும். "ஒங்க கடைக்கு டாக்டரு ஃபீசு வாங்கணும் நானு" என்பார். என் கடைக்கு வந்தால் மிஷினில் வைக்குமுன் பேப்பர் கட்டை எடுத்து விரல்களால் விசிறிவிடுவார். ஈரத் துணி ஒன்றின்மேல் ஒன்று கொடியில் கிடந்தால், அது யார் வீட்டுக் கொடி என்று பார்க்கமாட்டார். பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்ணின் கூந்தலில் ஒட்டியிருந்த ரெண்டு பூவிதழ்களைப் பிரித்துவிட்டு, அந்தப் பெண் திரும்பி முறைத்தபோது, "ஒண்ணுமில்ல தாயி, ஒட்டியிருந்துச்சி" என்றார்.

இத்தனைக்கும் இதற்கு முன் அவர் பார்த்தது ஒட்டவைக்கிற வேலை. பன்னிரண்டு வருடம் நூல் மில்லில், ஓடுகிற மிஷினில் அறுந்த இழையைப் பிடித்து இணைக்கிற வேலை. "அறுந்தத ஒட்டுனேன். இப்ப ஒட்டுறத அறுக்கேன். கை ஒண்ணுதான்" என்று ஒருமுறை சொன்னார். சொல்லும்போது கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் இல்லாத ஒரு நூலைத் திரித்துக்கொண்டிருந்தன. மில்லை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "பஞ்சுத் தூசி" என்றார்.

பொய் அவரிடம் செல்லாது. நாற்காலியில் உட்கார்ந்த ஆள் "டெய்லி நாலு தடவ கழுவுதேன்க்கா" என்று சொல்லி முடிக்குமுன் டார்ச்சை அடித்துப் பார்ப்பார்.

"நேத்துக் காலைல கழுவுனியளா?"

"கழுவுனேன்."

"நேத்துச் சாயந்திரம்?"

"கழுவு..."

"பொருக்கு கருப்பேறிக் கெடக்கு. ஒங்க மூக்கு ஏங்கிட்டச் சொல்லிருச்சி. நீங்க சொல்ல வேண்டாம்."

மூக்கை வைத்துத்தான் ஆளையே அடையாளம் வைத்திருந்தார். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், "இடப்பக்கம் எலும்பு வளைஞ்சவியதான?" என்பார். அந்த ஆள் கூட்டத்துக்கு நடுவில் நெளிவார்.

வராதவர்களுக்குப் போன் போடுவதும் அவரே. டாக்டர் சொல்லி அல்ல. மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அட்டைப்பெட்டியைத் திறந்து, வரவேண்டிய தேதி தாண்டிய அட்டைகளை எடுத்து வரிசையாகக் கூப்பிடுவார். வலி இல்லை என்பதுதான் எல்லோரும் சொல்கிற காரணம். "வலி இல்லன்னாத்தான் வரணும். வலிச்சா நீங்களே ஓடி வந்துருவியளே" என்பார். சிலர் வருவார்கள். சிலர் போனை எடுக்கமாட்டார்கள்.

என்னோடு ஒரே நாளில் ஆபரேசன் ஆனவர் மம்சாபுரத்துக்காரர். கேஸ் சிலிண்டர் போடுகிறவர். ரெண்டு வருடமாக வாடையே தெரியவில்லை அவருக்கு. ஒரு வீட்டில் சிலிண்டரை மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கி நின்றபோது, வீட்டுக்கார அம்மா "என்ன இப்படி வாடை அடிக்கி, ஒங்களுக்கு வரலியா?" என்று கத்தியிருக்கிறார். வாஷர் போயிருந்தது. இவருக்கு வரவில்லை. அன்றோடு ஏஜென்சிக்காரர் அவரை வீடு வீடாகப் போடுகிற லைனிலிருந்து எடுத்து, குடோனில் ஏற்றி இறக்கப் போட்டுவிட்டார். மூக்கு திரும்பினால் மறுபடி லைன் என்று சொல்லியிருந்தாராம்.

"வீடு வீடாப் போயிட்டு, ஒரு குடோனுக்குள்ள கெடக்க முடியலம்மா" என்று அடுத்த படுக்கையிலிருந்து என்னிடம் சொன்னார். மூக்கில் துணி அடைத்திருந்ததால் அது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

முதல் வாரம் அவர் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. அக்கா போன் போட்டார். அவர் மனைவி எடுத்து, "நல்லா இருக்காக, ஒரு வலியும் இல்ல" என்று வைத்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என் கடை வாசலில் நின்றார்.

"ஏ பிள்ள, வண்டி இருக்கா? மம்சாபுரம் வர போயிட்டு வருவோம்."

"எதுக்குக்கா?"

"அந்த சிலிண்டர்த் தம்பி மூக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. நாம இங்க நின்னு பேசிக்கிட்டு இருக்கோம்."

என் ஸ்கூட்டியில் போனோம். மேற்கே மலை நீலமாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு மூக்கு திறந்த புதிது. வைக்கோல், சாணி, டீசல், யார் வீட்டிலோ கடுகு தாளிக்கிற வாசம் என்று ஒவ்வொன்றாக வந்து மோதியது. நான் ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பின்னாலிருந்து அக்கா "ம்" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ம்". அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

ஒரே அறை வீடு. மூலையில் மேடைகட்டி அடுப்பு. சிலிண்டர்க்காரர் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பானையில் நொச்சித்தழை ஆவி. அக்காவைப் பார்த்ததும் எழுந்தார், துண்டு விழுந்தது.

"ஆவி பிடிக்கச் சொன்னமா?"

அவர் மனைவிதான் பதில் சொன்னார். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற ஷெட்டில் துணி மடிக்கிற வேலை அவருக்கு.

"கோவிச்சுக்கிடாதிய. நாங்க மடிக்கிற துணியத்தான் அவிய மூக்குக்குள்ள வச்சிருந்தாக, அதுக்கு ஒண்ணும் சொல்லல. ஆனா தண்ணிய மூக்குல ஊத்தச் சொல்லுதியளே, அது எப்படி? நீர் கோத்துத்தான ரெண்டு வருசமா இந்தப் பாடு? தல குளிச்சாலே அவியளுக்கு ஆவாது. நீர வெளிய எடுக்க ஆபரேசன் பண்ணிட்டு, பொறவு உள்ள ஊத்துனா?"

கேள்வியில் ஒரு ஒழுங்கு இருந்தது. அக்கா அதை மறுக்கவும் இல்லை. உள்ளங்கைகளை விரித்தார். தோல் உரிந்த கை, ஒரு வாரக் கும்பிடு, பாலம், எல்லாவற்றையும் சொன்னார். மனைவி தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடத்தை எடுத்தார். "நல்லதண்ணி பிடிச்சிட்டு வாரேன். செத்த இருங்க" என்று தெருக்குழாய்க்குப் போனார்.

மேடைமேல் வேறொரு பானையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதையாவது கொதிக்கவைக்கலாம் என்று அக்கா அடுப்பில் வைத்தார். திருகைத் திறந்து லைட்டரை அடித்தார். பிடிக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார்.

"உப்புப் பொட்டலம் எங்க தம்பி?"

சிலிண்டர்க்காரர் நெளிந்தார். "அது தீந்துருச்சிக்கா."

"கழுவாமலே எப்படித் தீரும்?"

"மோருல கலக்கிக் குடிச்சேன்."

அக்கா அடுப்பை விட்டுத் திரும்பினார்.

"குடிச்சியளா?"

"மருந்துன்னுதான குடுத்திய. காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. உப்பு செத்த தூக்கலா இருந்துச்சி. மத்தபடி ஒண்ணும் செய்யல."

"முப்பது பொட்டலத்தையுமா?"

"மொத ரெண்டு நாளு தண்ணில. பொறவுதான் மோரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மூச்சை இழுத்தபோதுதான் அந்த வாடை வந்தது. அழுகின வெங்காயம்போல, தரையோடு படர்ந்து, வாசல்படியில் நின்ற என் காலைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. உள்ளே ரெண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அக்கா திட்டிக்கொண்டே அடுப்புப் பக்கம் திரும்பி லைட்டரைத் தூக்கினார்.

"அக்கா! அடிக்காதிய!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. சிலிண்டர்க்காரர் எனக்கு முன்னால் பாய்ந்து ரெகுலேட்டரை மூடினார், திருகை மூடினார், பின்கதவைத் திறந்தார். அவ்வளவும் பழக்கத்தில் நடந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். காற்றில் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பி மறுபடி பார்த்தார்.

"வாடை வருதாம்மா ஒங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"நெறையா வருது."

"எனக்கு வரலியே." பிறகு, மெதுவாக, அக்காவைப் பார்த்தார். "அக்கா, அடுப்புப் பக்கத்துல நீங்கதான் நின்னிய. ஒங்களுக்கு வரலியா?"

அக்கா லைட்டரை மேடைமேல் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க தம்பி" என்றார். "ரெண்டு பேரும் வாங்க."

திரும்பி வரும் வழியில் நான் எந்த வாசத்தையும் சொல்லவில்லை. குளத்தங்கரை தாண்டியதும் அவரே பேசினார்.

"மில்லுல இருக்கும்போது எனக்கும் இதே ஆபரேசன்தான். வேற ஊர்ல. துணிய உருவிட்டு வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டாவ. திரும்பி வான்னு யாரும் சொல்லல. நானும் வலி இல்லைன்னு போகல." ஸ்கூட்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "ரெண்டு பக்கமும்" என்றார். "பொறவு ஒரு தடவ அறுத்துப் பாத்தாவ. மூச்சு வந்துச்சி. வாடை வரல."

மறுநாள் இருவரும் வந்தார்கள். மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டு டாக்டர் கேமராவை விட்டார். திரையில் வலது பக்கம் பொருக்கு அடைந்து கிடந்தது, அவ்வளவுதான். இடது பக்கம், சிவந்த ரெண்டு சுவருக்கு நடுவில் சிலந்தி நூல் திரண்டதுபோல வெளுப்பாக ஒரு பாலம். அக்கா சிலிண்டர்க்காரரின் தலையைப் பிடித்துக்கொண்டு, அவர் மனைவியிடம் திரையைக் காட்டினார். "இந்தா, அந்தக் கும்பிடு." டாக்டர் பாலத்தை வெட்டிப் பிரித்து, மறுபடி ஒட்டாதிருக்க நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் செருகினார். பத்து நாள் அது உள்ளே இருந்தது. அந்த மனைவி அதன்பிறகு ஒரு வாரமும் தப்பவிடவில்லை. கழுவின ஒவ்வொரு தடவைக்கும் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

கடைசிப் பரிசோதனை காப்பித்தூள். அக்காவிடம் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா உண்டு, மேலே காகிதம் ஒட்டி 'காப்பி' என்று எழுதியிருக்கும். புண் ஆறியதும் கண்ணை மூடச்சொல்லி, டப்பாவை மூக்கடியில் பிடித்து, என்ன என்று கேட்பார். எனக்கும் கேட்டார். எனக்கு வாடை திரும்பியது எனக்கே தெரியும். பாதி மோந்து, அரைக்கண்ணால் காகிதத்தைப் படித்து, காப்பி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அட்டையில் 'வருது' என்று எழுதினார்.

சிலிண்டர்க்காரரின் முறை வந்த அன்று நானும் மாத்திரைச் சீட்டு வாங்கப் போயிருந்தேன். அவர் சொன்னபடி கண்ணை மூடினார். இறுக மூடினார். அவர் மனைவி சுவரோரம் நின்று முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா டப்பாவைத் திறந்து பிடித்தார். அவர் இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார்.

"ஒண்ணும் வரலக்கா."

"இடப்பக்கம் மூடிட்டுப் பாருங்க."

"வரல."

மனைவி சுற்றின முந்தானையை அவிழ்த்தார். அக்கா பேனாவை எடுத்தார். அப்போது எனக்கு மம்சாபுரத்துச் சமையல் மேடை ஞாபகம் வந்தது. டப்பாவை வாங்கி மோந்து பார்த்தேன். முழுசாக, முதல் முறையாக. பிளாஸ்டிக் வாடை லேசாக இருந்தது. அதற்கு அடியில் பழைய காகிதம்போல ஏதோ. காப்பி இல்லை.

"அக்கா, இது எப்ப வாங்குனது?"

அவர் என்னைப் பார்த்தார். மூக்கை அல்ல, முகத்தைப் பார்த்தார்.

"இதுல வாசமே இல்லக்கா. செத்துப் போச்சி."

"நெசமாவா?"

"நெசமா."

டீக்கடைக்கு எதிரே காப்பித்தூள் அரைக்கிற கடை. நான்தான் ஓடினேன். சூடு ஆறாத பொட்டலத்தோடு படியேறியபோது அறையில் மூன்று பேரும் வைத்த இடத்திலேயே இருந்தார்கள். பொட்டலத்தைப் பிரித்தேன். அக்கா வாங்கி அவர் மூக்கடியில் பிடித்தார்.

சிலிண்டர்க்காரர் இழுத்தார். கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி, சின்னதாக, திருடுவதுபோல இழுத்தார்.

"கருக வறுத்திருக்கான்" என்றார்.

அவர் மனைவி சிரித்தாரா அழுதாரா என்று இப்போது என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அக்கா பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். மோந்தேன். ஆமாம், கொஞ்சம் கருகல்தான்.

"கருகலாடி பிள்ள?"

"ஆமாக்கா."

அட்டையில் 'வருது' என்று எழுதினார். அடுத்து அட்டைப்பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டு பழைய அட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தார். 'வரல' என்று அவர் கையால் எழுதினவற்றைத் தனியாக எடுத்தார். பதினொன்று இருந்தன. ஒன்றோடொன்று படாமல் மேசையில் பரப்பினார். நாங்கள் படியிறங்கும்போது முதல் போனில் அவர் குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரில இருந்து பேசுதேன். கோவிச்சுக்கிடாதிய. தப்பு ஏம் பேர்ல. ஒருக்கா வந்துட்டுப் போங்க."

அந்தப் பதினொரு பேரில் எத்தனை பேருக்கு வந்தது என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. சிலிண்டர்க்காரர் லைனுக்குத் திரும்பினார். எங்கள் தெரு அவர் லைனில் இல்லை. தூரத்தில் வண்டியை நிறுத்தி ஒரு கை தூக்குவார்.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். மாதத்துக்கு ஒரு தடவை வந்து டப்பாவைப் பார்த்துச் சொல்லவேண்டும். போனேன். டாக்டர் ஆஸ்பத்திரியை மதுரைக்கு மாற்றி, அக்காவும் கூடவே போகும் வரை, நாலு வருடம் போனேன். உள்ளே நோயாளி இருந்தால் வெளியே காத்திருப்பேன். முறை வந்ததும் டப்பாவைத் திறந்து நீட்டுவார். நான் கண்ணை மூடி மோந்து பார்ப்பேன்.

"இருக்கா?"

"இருக்குக்கா."

அவர் தானும் ஒருமுறை மூக்கருகே கொண்டுபோவார், பழக்கத்தில். பிறகு நான் சொன்னதை நம்பி, டப்பாவை இறுக மூடுவார்.